வாஷிங்டனுக்குத் தொண்டை வலி

போன செமஸ்டர் இன்டர்னல் நேரத்துல என் ரூம்மேட்டுக்குத் தொண்டை வலி. எல்லாருக்கும் வருவதுதானே என்று மெடிக்கல் ஷாப்பில் வாயால் சொல்லி மாத்திரை வாங்கி இரண்டு நாள் போட்டான். மூன்றாம் நாள் வலி இடது பக்கம் மட்டும் தங்கிவிட்டது. நான்காம் நாள் வாயை இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் டம்ளரில் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பேசினால் சூடான இட்லியை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. நாங்க சிரிச்சோம். அன்று ராத்திரி தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்த ஒரே நிமிடத்தில் எங்க சிரிப்பு போச்சு. டான்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டியிருந்தது. ஊசியைச் செருகி உறிஞ்சி எடுத்தார். அரை மணி நேரத்தில் நம்மாளு தண்ணி கேட்டான்.

மருந்துச்சீட்டு எழுதிக்கொண்டே அந்த டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் செத்ததே தொண்டை வலியில்தானாம். டாலர் நோட்டில் இருக்கிற அதே ஆள். நம்பாமல் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் வரும் வாஷிங்டன் குதிரை மேல் உட்கார்ந்திருப்பார். நான் படித்த வாஷிங்டன் பாதி நாள் காய்ச்சலில் படுத்திருக்கிறார்.

1732 பிப்ரவரி 22-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். 11 வயதில் அப்பா போய்விட்டார். இங்கிலாந்துக்குப் போய்ப் படிக்கிற வாய்ப்பு அதோடு முடிந்தது. காலேஜ் பக்கமே போகாத இந்தப் பையன் கற்றுக்கொண்ட தொழில் என்ன தெரியுமா? சர்வே. சிவில் டிபார்ட்மென்ட் மக்கள் கவனிக்கவும்: 16 வயதில் செயினும் காம்பஸும் தூக்கிக்கொண்டு ஷெனாண்டோவா பள்ளத்தாக்குக்குப் போன அளவைக் குழுவில் அவர் இருந்தார். 17 வயதில் கல்பெப்பர் கவுன்டியின் அதிகாரப்பூர்வ சர்வேயர். நாம செகண்ட் இயர் சர்வே கேம்ப்பில் வெயில் என்று புலம்புகிற வயதுக்கு முன்னாலேயே அவர் அதில் சம்பாதித்து நிலம் வாங்க ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு அப்பா மாதிரி இருந்தவர் அண்ணன் லாரன்ஸ் (அப்பாவின் முதல் மனைவியின் மகன்). லாரன்ஸுக்கு டிபி. கடல் காற்று உடம்புக்கு நல்லது என்று 1751-ல் அண்ணனும் தம்பியும் பார்படாஸ் தீவுக்குக் கப்பல் ஏறினார்கள். வாஷிங்டன் தன் வாழ்நாளில் போன ஒரே வெளிநாட்டுப் பயணம் அதுதான். அங்கே போய் அவருக்கே பெரியம்மை போட்டது. பிழைத்தார், முகத்தில் தழும்புகளோடு. அண்ணன் பிழைக்கவில்லை, அடுத்த வருடமே இறந்துவிட்டார். மவுன்ட் வெர்னன் பண்ணை பிற்பாடு தம்பி கைக்கு வந்தது.

அந்தத் தழும்பை மறந்துடாதீங்க, திரும்ப வரும்.

1755-ல் பிராடாக் என்ற பிரிட்டிஷ் தளபதியோடு பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போனபோது வாஷிங்டனுக்குக் கடுமையான சீதபேதி. சேணத்தின் மேல் தலையணை கட்டிக்கொண்டு குதிரையில் உட்கார்ந்து சண்டைக்குப் போனார். படை நாசமானது, பிராடாக் செத்தார், இவருடைய கோட்டில் நான்கு குண்டு ஓட்டைகள், ஏறியிருந்த இரண்டு குதிரைகள் அடிபட்டு விழுந்தன. இவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை. குண்டு தொடாத ஆளைக் கிருமி விடாமல் துரத்தியது என்று சொல்லலாம். மலேரியா, பேதி, நுரையீரல் நோய் என்று மாற்றி மாற்றி வந்துகொண்டே இருந்தது. பல்லும் ஒவ்வொன்றாகப் போனது. 1789-ல் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றபோது வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்று. மரப்பல் கட்டியிருந்தார் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், உலோகம், மற்ற மனிதர்களின் பற்கள், இவற்றால் செய்த செட் அது.

போருக்கு வருவோம். 1775-ல் காலனிகளின் படைக்குத் தலைவரானார். அந்த வருடக் கடைசியில் கியூபெக்கைப் பிடிக்கப் போன அமெரிக்கப் படையைப் பெரியம்மை தின்றது. பிரிட்டிஷ் சிப்பாய்களில் நிறைய பேருக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்ததால் அவர்களுக்குப் பயமில்லை. பண்ணைகளில் தனித்தனியாக வளர்ந்த அமெரிக்கப் பையன்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அப்போது தடுப்பூசி இல்லை. ஜென்னர் பசு அம்மையைப் பரிசோதித்ததே 1796-ல்தான். இருந்தது அம்மை குத்துதல்: நோயாளியின் கொப்புளச் சீழை எடுத்து நல்ல ஆளின் தோலைக் கீறி வைப்பது. பெரும்பாலும் லேசாக வந்து போகும். சிலர் செத்தும் போவார்கள். பல வாரங்களுக்குப் படையில் ஒரு பகுதி படுத்துவிடும், எதிரிக்குத் தெரிந்தால் கதை முடிந்தது. முதலில் தயங்கிய வாஷிங்டன் 1777 பிப்ரவரியில் முடிவெடுத்தார்: மொத்தப் படைக்கும் குத்துங்கள், ரகசியமாக. முகத்தில் தழும்பு இருந்த ஆளுக்கு அந்த நோய் என்னவென்று தெரியும். அந்தப் போரில் அவர் எடுத்த முடிவுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

1781-ல் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரணடைந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே கார்ன்வாலிஸ்தான் அடுத்து இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து திப்புவோடு மோதினார். சென்னை கோட்டை மியூசியத்தில் அவர் சிலை நிற்கிறது. அங்கே தோற்றவருக்கு இங்கே சிலை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1789 ஜூன். பதவி ஏற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வாஷிங்டனின் இடது தொடையில் பெரிய கட்டி, காய்ச்சல், உட்கார முடியவில்லை. நியூயார்க்கில் சாமுவேல் பார்ட் என்ற டாக்டர் தன் வயதான அப்பாவை (அவரும் டாக்டர்) பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டியை அறுத்துச் சீழை வெளியேற்றினார். மயக்க மருந்து கிடையாது. ஆறு வாரம் படுத்துக் கிடந்தார், எழுந்துவிட்டார். சீழ் எங்கே கட்டியிருக்கிறதோ அங்கே கத்தி வைத்தார்கள், ஆள் பிழைத்தார். இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

எட்டு வருடம் ஆட்சி. 1797-ல் தானாகவே விலகி ஊருக்குப் போய்விட்டார்.

இப்போது 1799 டிசம்பர் 12, வியாழக்கிழமை. வயது 67. காலை பத்து மணிவாக்கில் குதிரையேறிப் பண்ணைகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறார். பனி, ஆலங்கட்டி, பிறகு குளிர் மழை. மதியம் மூன்றுக்குத் திரும்பும்போது தலைமுடியில் பனி ஒட்டியிருந்தது. சாப்பாடு தயாராக இருந்தது. காக்க வைக்கக் கூடாது என்று ஈரத் துணியோடே உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை தொண்டை வலி. அப்படியும் பனியில் இறங்கிப்போய் வெட்ட வேண்டிய மரங்களுக்குக் குறி போட்டார். சாயங்காலம் குரல் கம்மிவிட்டது. அந்தக் குரலிலேயே பேப்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். செக்ரட்டரி டோபியாஸ் லியர் ஏதாவது மருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஜலதோஷத்துக்கெல்லாம் நான் மருந்து சாப்பிடுவதில்லை, வந்த மாதிரியே போகட்டும் என்று மறுத்துவிட்டார். (என் ரூம்மேட் முகம் ஞாபகம் வந்தது.) அந்தக் கடைசி நாட்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த லியர் எழுதி வைத்ததுதான்.

சனிக்கிழமை விடியலுக்கு முன் இரண்டு மூன்று மணிக்கு மூச்சுத் திணறலோடு விழித்தார். மனைவி மார்த்தா யாரையாவது எழுப்பப் போகிறேன் என்றபோது தடுத்துவிட்டார். அவளுக்கே சமீபத்தில்தான் சளி சரியாகியிருந்தது, குளிரில் எழுந்தால் திரும்ப வந்துவிடும் என்று பயம். விடிந்து, அடுப்பு மூட்ட வந்த கரோலைன் என்ற அடிமைப் பெண்தான் போய் லியரை அழைத்து வந்தாள். வெல்லப்பாகு, வினிகர், வெண்ணெய் கலந்து கொடுத்தார்கள். விழுங்க முடியாமல் உடம்பு தூக்கிப் போட்டது.

இனி நடந்ததை அவர்களுடைய அறிவை வைத்துத்தான் பார்க்கணும். அன்றைய மருத்துவத்தில் வீக்கம் என்றால் ரத்தம் அந்த இடத்தில் அதிகமாகத் திரண்டுவிட்டது என்று அர்த்தம். அப்போ ரத்தத்தைக் குறைத்தால் வீக்கம் குறையணும். கேட்க லாஜிக்காகத்தான் இருக்கிறது. வாஷிங்டனே இதை முழுசா நம்பினார். டாக்டர் வருவதற்கு முன்பே பண்ணை மேற்பார்வையாளர் ராலின்ஸை வரவழைத்துக் கையில் நரம்பைக் கீறச் சொன்னார். அவன் கை நடுங்கியது, இவர்தான் பயப்படாதே என்று தைரியம் சொன்னார். போதும் என்று கெஞ்சியவள் மார்த்தா.

ஒன்பது மணிவாக்கில் வந்தவர் ஜேம்ஸ் கிரெய்க். 1754-லிருந்து கூடவே போர்க்களத்தில் இருந்த மருத்துவர், நாற்பத்தைந்து வருட நண்பர். அவரும் ரத்தம் எடுத்தார். தொண்டைக்கு வெளியே வண்டுப் பொடி வைத்துக் கொப்புளம் எழுப்பினார். வினிகர் கலந்த சேஜ் இலைக் கஷாயத்தைக் கொப்பளிக்கக் கொடுத்தபோது மூச்சே அடைத்துக்கொண்டது. மத்தியானத்துக்கு மேல் இன்னும் இரண்டு டாக்டர்கள்: 52 வயதான கஸ்டாவஸ் பிரவுன், 37 வயதான எலிஷா டிக். மொத்தம் நான்கு முறை ரத்தம் எடுத்தார்கள். டாக்டர்கள் பிறகு கொடுத்த கணக்கைக் கூட்டினால் 80 அவுன்ஸுக்கு மேல், அதாவது இரண்டே கால் லிட்டரைத் தாண்டும். அவர் ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள். அப்படியும் உடம்பில் இருந்த ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. கடைசி முறை ரத்தம் கெட்டியாக, மெதுவாகத்தான் வந்தது. கூடவே பேதி மருந்து, வாந்தி மருந்து.

டிக் மட்டும் எதிர்த்தார். இனி ரத்தம் எடுக்காதீர்கள், ஆளுக்குச் சக்தி வேண்டும். அதைவிட, கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாயைத் திறந்துவிடலாம் என்றார். பொறுப்பைத் தானே ஏற்கத் தயாராக இருந்தார். அந்தக் காலத்தில் அது மிக அபூர்வமாகச் செய்யப்பட்ட அறுவை. நோயாளியோ நாட்டின் தந்தை. மற்ற இருவரும் வயதில் மூத்தவர்கள். இரண்டுக்கு ஒன்று. நடக்கவில்லை. வாஷிங்டன் செத்த சில வாரங்களில் பிரவுனே கிரெய்க்குக் கடிதம் எழுதி, டிக் சொன்னதைக் கேட்டிருந்தால் நண்பர் இன்று உயிரோடு இருந்திருக்கலாம் என்று வருத்தப்பட்டார்.

மெக்கானிக்கல் மக்களுக்கு இது சட்டென்று புரியும். புளூயிட் மெக்கானிக்ஸில் குழாயின் ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கா ஆகும்? சீரான ஓட்டத்திலேயே 16 மடங்கு. மூச்சுப் பாதையில் சில மில்லிமீட்டர் வீக்கம் என்பது அந்தக் கணக்கு. அடைப்பு குழாயில் இருக்கிறது, மூன்று பேரில் இரண்டு பேர் டேங்கைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு என்னதான் நோய்? இதுதான் 200 வருடங்களாக ஓடுகிற சண்டை. கிரெய்க் முதலில் நினைத்தது க்வின்சி. அதாவது என் ரூம்மேட்டுக்கு வந்த அதே டான்சில் சீழ்க்கட்டி. அந்தப் பெயரின் கிரேக்க வேர்ச்சொல்லுக்கு நாயின் கழுத்தை நெரிப்பது மாதிரி என்று பொருள். பிறகு டாக்டர்கள் பேப்பரில் வெளியிட்ட அறிக்கையில் மூச்சுக்குழாயின் மேல்பகுதி அழற்சி என்று மாற்றினார்கள். பின்னால் வந்தவர்கள் டிப்தீரியா வரைக்கும் போனார்கள். 1999-ல், அவர் இறந்து 200 வருடம் முடிகிற நேரத்தில், டேவிட் மோரன்ஸ் என்ற மருத்துவர் எல்லாக் குறிப்புகளையும் அலசி, குரல்வளை மூடியில் திடீரென வரும் பாக்டீரியா அழற்சிதான் காரணம் என்று எழுதினார். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகாமல் தடுக்கிற சின்ன மூடி அது. வீங்கினால் அதுவே வாசலை அடைத்துவிடும்.

எனக்கும் அதுதான் பொருந்துகிற மாதிரி படுகிறது. காரணம் சொல்றேன், க்வின்சி எப்படிப்பட்டது என்பதும் அதிலேயே வந்துவிடும்.

க்வின்சி பெரும்பாலும் டான்சில் அழற்சிக்குப் பின்னால் வருவது. டான்சிலைச் சுற்றியிருக்கும் உறைக்கும் அதற்கு வெளியே இருக்கும் தொண்டைத் தசைக்கும் நடுவில் சீழ் சேரும். அதனால்தான் வலி ஒரு பக்கம், பக்கத்துத் தாடைத் தசை இறுகி வாய் திறக்காது, உள்நாக்கு எதிர்ப் பக்கம் தள்ளப்படும். (நம்ம ஊரில் டான்சில் வீங்கினாலே உள்நாக்கு வளர்ந்திருக்கு என்போம். உள்நாக்கு நடுவில் தொங்குவது, டான்சில் இரண்டு பக்கமும் இருப்பது.) இது பழுக்கச் சில நாட்கள் ஆகும். வாஷிங்டனுக்கோ முதல் வலியிலிருந்து மரணம் வரை இரண்டு நாள்கூட இல்லை.

வயதும் இடிக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுத்த கணக்குகளில் வருடத்துக்கு லட்சம் பேரில் சுமார் 30 பேருக்கு க்வின்சி வருகிறது. 67 வயதுக்காரர்கள் அதில் குறைவு. அதிகம் யார்? பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் இருப்பவர்கள். ஆமாம், இதைப் படிக்கிற நீங்கதான். சிகரெட் பிடிப்பவர்களிடம் இன்னும் அதிகம்.

அந்தச் சீழில் இருப்பதும் ஒரே கிருமி இல்லை, ஒரு கூட்டமே இருக்கும். தொண்டை வலி என்றதும் நினைவுக்கு வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் ஒன்று. ஆனால் இளைஞர்களின் சீழில் அடிக்கடி கிடைப்பது ஃபுசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம். ஆக்ஸிஜன் இருந்தால் வளராத கிருமி. அதனால் தொண்டையைத் துடைத்து லேபில் சாதாரணமாக, காற்று படும்படி வளர்த்தால் அது கண்ணில் படவே படாது. தேடினால்தான் கிடைக்கும். அபூர்வமாக இதுவே கழுத்தின் பெரிய ரத்தக்குழாயில் இறங்கி, ரத்தம் உறைந்து, நுரையீரலுக்குச் சீழ்த் துணுக்குகளை அனுப்பும். 1936-ல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே லெமியர் பெயரில்தான் அந்த நோய் இருக்கிறது. அவர் பார்த்த நோயாளிகளில் பெரும்பாலோர் செத்தார்கள், ஆன்டிபயாடிக் வராத காலம். தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வந்து தானாகப் போவது என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு பக்க வலி, திறக்காத வாய், இட்லிக் குரல் இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

குரல்வளை மூடி அழற்சிக்குப் பேர்போன கிருமி ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸே பி வகை. குழந்தைகளைத்தான் அதிகம் தாக்கியது, ஆனால் பெரியவர்களையும் விடாது. இதற்கு இப்போது தடுப்பூசி உண்டு. இந்திய அரசு அதை ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள் சேர்த்து, 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். உங்க தம்பி தங்கை அதற்குப் பிறகு பிறந்திருந்தால் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்க.

எந்தக் கட்சி சொல்வது சரியாக இருந்தாலும் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. க்வின்சி என்றால் கத்தி டான்சில் பக்கத்தில் போயிருக்கணும், பத்து வருடம் முன்பு தொடையில் போன மாதிரி. மூடி அழற்சி என்றால் டிக் கேட்ட மாதிரி கழுத்தில். கத்தி கையில்தான் இருந்தது. நான்கு முறையும் அது கையின் நரம்புக்குத்தான் போனது. டிக் சொன்னபடி செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கிருமிக்கு மருந்து வர இன்னும் 140 வருடம் இருந்தது. வாய்ப்பாவது இருந்திருக்கும். இன்னொரு கூத்து: ரத்தம் எடுக்கும் வைத்தியத்தின் பெரிய தலையான பெஞ்சமின் ரஷ், அதைக் கிண்டலடித்து எழுதிய பத்திரிகைக்காரர் காபெட் மேல் போட்ட அவதூறு வழக்கில் பிலடெல்பியாவில் ஜெயித்ததும் இதே டிசம்பர் 14-ஆம் தேதிதான்.

அன்று சாயங்காலம் வாஷிங்டன் இரண்டு உயில்களைக் கொண்டுவரச் சொல்லி ஒன்றை எரிக்க வைத்தார். மிச்சம் வைத்ததில், தனக்குச் சொந்தமான 123 அடிமைகளுக்கு மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு விடுதலை என்று இருந்தது. பண்ணையில் இருந்த அடிமைகள் மொத்தம் 317 பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் மார்த்தாவின் முதல் கணவர் குடும்பச் சொத்து, அவர்களுக்கு விடுதலை இல்லை. அந்த அறையில் காலையிலிருந்து கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த பணியாள் கிறிஸ்டோபர் ஷீல்ஸும் அந்த மற்றவர்களில் ஒருவர். மத்தியானம் அவர் நின்றுகொண்டே இருப்பதைக் கவனித்து, உட்காரச் சொல்லிக் கை காட்டினார் வாஷிங்டன்.

செத்த பிறகு மூன்று நாள் ஆகாமல் தன்னைக் கல்லறையில் வைக்கக் கூடாது என்று லியரிடம் உறுதி வாங்கிக்கொண்டார். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயம் அந்தக் காலத்தில் பலருக்கு இருந்தது. இரவு பத்துக்கு மேல் மூச்சு இலேசானது. தன் நாடித்துடிப்பைத் தானே விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார், கை நழுவியது.

படுக்கையறைக் கடிகாரத்தின் கயிற்றை டிக் அறுத்து நிறுத்தினார் என்று அவருடைய ஊரான அலெக்ஸாண்ட்ரியாவில் சொல்வார்கள். முள் 10:20-ல் நிற்கிறது. அந்தக் கடிகாரம் இன்றும் அங்கே இருக்கிறது.